மேளத்தின் உடலில் எழுதியிருப்பது

போர் நடக்கும்போது எந்தப் படையும் தான் யார், எங்கே இருக்கிறது என்று பறைசாற்றாது. படத்தில் படைச் சின்னம் தெரிந்தால் தணிக்கைக்காரர்கள் அதை அழித்துவிடுவதும் உண்டு. ராணுவ பேண்டு மட்டும் இதற்கு நேர்மாறு. "நாங்கள் யார் தெரியுமா" என்று ஊருக்குக் காட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு பழைய பேண்டு படம் கையில் கிடைத்தால் முகங்களைப் பார்ப்பதற்கு முன் பெரிய மேளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில், முன்வரிசையில், நம் பக்கம் பார்த்தபடி நிற்கும்.

பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் மேளத்தின் உடலில் தங்கள் பெயர், சின்னம், வென்ற போர்களின் பட்டியல், அரசரின் பெயர் எழுத்துகளால் ஆன முத்திரை எல்லாவற்றையும் வண்ணத்தில் தீட்டுவார்கள். முத்திரையில் ஐந்தாம் ஜார்ஜின் எழுத்து இருந்தால் படம் 1910-க்குப் பிந்தையது. கிரீடத்தின் வடிவமும் உதவும். 1902 முதல் 1952 வரை மேல் வளைவுகள் உருண்டு எழும் கிரீடம் புழக்கத்தில் இருந்தது. 1953 முதல் நடுவில் பள்ளம் விழுந்த கிரீடம் வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேளத்துக்கு ஆயுள் அதிகம். பழைய முத்திரையோடு பல வருடம் ஓடும். எனவே மேளம் சொல்வது "இந்த வருடத்துக்கு முன்னால் எடுத்த படம் அல்ல" என்பதை மட்டும்தான். "இதற்குப் பின்னால் அல்ல" என்று அது சொல்லாது. படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் இப்படித்தான் கேட்க வேண்டும்: நீ பிறந்தது எப்போது? வரும் பதில்களில் மிகவும் பிந்தையது எதுவோ, அதுதான் படத்தின் கீழ் எல்லை. ஐந்தாம் ஜார்ஜின் முத்திரை 1910. யாரோ ஒருவர் இடது முன்கையில் செங்குத்தான சிறு கோடு வைத்திருக்கிறார். காயம்பட்டதற்கான அடையாளம் அது, 1916இல் வந்தது. இன்னொருவர் வலது முன்கையில் சின்னஞ்சிறு வி வடிவப் பட்டைகள். கடல் கடந்த சேவைக்கானவை, 1918இல் அணியத் தொடங்கியவை. மூன்றையும் சேர்த்தால் படம் 1918-க்கு முந்தையதாக இருக்க முடியாது.

சீருடையும் பேசும். ஜெர்மன் படை இசைக்கலைஞர்களின் தோள் மூட்டில் பட்டை வைத்த பிறை வடிவத் துணி இருக்கும். தகைவிலான் குருவி சுவரில் கட்டும் கூடு போலத் தெரிவதால் அதற்கு ஜெர்மன் மொழியில் அந்தக் கூட்டின் பெயரே. பல நாடுகளின் பேண்டுக்காரர்கள் அணியும் சின்னம், நம் யாழுக்கு உறவான கிரேக்க லைர். பிரிட்டிஷ் படையில் கையின் கீழ்ப்பகுதியில் முனை மேல்நோக்கிய நான்கு பட்டைகளும் மேளச் சின்னமும் இருந்தால் அவர் டிரம் மேஜர், அதாவது பேண்டை முன்னின்று நடத்திச் செல்பவர்.

வாத்தியங்களுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஊதுகுழலில் ஒலி வெளிவரும் அகன்ற வாய் பின்பக்கம் பார்த்துத் தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால பேண்டு. பின்னால் அணிவகுத்து வரும் படைக்கு இசை கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. உடம்பைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் பிரம்மாண்டமான சூசஃபோன் 1890களில்தான் பிறந்தது. டிரம்பெட்டில் மேலும் கீழும் அழுத்தும் பிஸ்டன் வால்வு இருந்தால் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா பக்கம் சாயலாம். சுழலும் வால்வு என்றால் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம். கிளாரினெட்டே இல்லை, முழுக்கப் பித்தளைதான் என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பேண்டாக இருக்கலாம். சட்டைக் காலரில் 'எஸ்' எழுத்து தெரிகிறதா பாருங்கள். சீருடை போட்டவர்கள் எல்லாம் சிப்பாய்கள் அல்ல. காவல்துறை, தீயணைப்புத் துறை, தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் பேண்டு இருந்தது.

படமே நம்மை ஏமாற்றும் இடங்கள் இரண்டு. முதலாவது, இடவலம் மாறுவது. தகட்டின் மேலேயே பதிவான பழைய படங்கள் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பியே இருக்கும். நெகடிவைப் பக்கம் மாற்றி வைத்து அச்சிட்டாலும் இதே கதைதான். டிரம்பெட் வால்வை வலது கையால் அழுத்துவார்கள், பிரெஞ்சு ஹார்னில் இடது கை. பதக்கம் இடது மார்பில். எல்லாம் இடவலம் மாறித் தெரிந்தால் படத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, நிறம். படத் தகட்டில் ஒளியைப் பதியும் வெள்ளி உப்புகள் இயல்பாக நீலத்தையும் புற ஊதாவையும்தான் உணரும். 1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துப் பச்சை வரை நீட்டினார். சிவப்பையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தது 1900களில். அப்போதும் பலர் பழைய வகையையே பயன்படுத்தினார்கள். விளைவு: சிவப்புச் சட்டை கறுப்பாகத் தெரியும், வெளிர் நீலம் வெள்ளையாகிவிடும். 1914இல் பிரெஞ்சுக் காலாட்படை அணிந்த சிவப்புக் கால்சட்டை படத்தில் கறுப்பு. 1915 முதல் அவர்களுக்கு வந்த வெளிர் நீலச் சீருடை ஏறக்குறைய வெளுத்த துணி. சாம்பல் நிறத்தை வைத்து "இவர்கள் கறுப்புச் சீருடைக்காரர்கள்" என்று முடிவு கட்டினால் வழி தவறிவிடும்.

அப்புறம் படத்தின் பின்பக்கம். அஞ்சலட்டையாக இருந்தால், முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு இருக்கிறதா? பிரிட்டனில் 1902, ஜெர்மனியில் 1905, அமெரிக்காவில் 1907 முதல் அதற்கு அனுமதி. பின்னால் யாரோ எழுதிவைத்த கதையைக் கடைசியாக நம்புங்கள். அமெரிக்காவின் அரிசோனா போர்க்கப்பலின் பேண்டைச் சேர்ந்த 21 பேரும் 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதலில் இறந்தார்கள். முந்தின இரவு இசைப்போட்டியில் வென்றார்கள் என்று இன்றும் பலர் சொல்வார்கள். உண்மையில் அன்றிரவு அவர்கள் பார்வையாளர்கள். அவர்கள் வாசித்தது நவம்பர் 22 அன்று.

இன்னொரு விஷயம். பிரிட்டிஷ் படையில் சண்டை தொடங்கியதும் பேண்டுக்காரர்கள் காயம்பட்டோரைத் தூக்கிச் செல்பவர்களாக மாறுவது வழக்கம். கையில் 'எஸ்.பி.' (ஸ்ட்ரெச்சர் பேரர், தூக்குக்கட்டில் சுமப்பவர்) என்ற பட்டையோடு நிற்கும் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு கிளாரினெட் வாசித்தவராக இருக்கலாம். தேடும்போது வாத்தியம் இருக்கும் படங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தக் கைப்பட்டை தெரியும் படங்களையும் பக்கத்தில் வைத்து முகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.