நாலே முக்கால் லட்சம் கொட்டேஷனும் நாற்பது பக்க நோட்டும்

2025 வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு பவானிப் பக்கமிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். கல்யாண வீடியோ எடிட்டர். கையில் வேறொரு கடையில் வாங்கிய கொட்டேஷன்: ரைசன் 9 9950எக்ஸ் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு, 128 ஜிபி ராம், உள்ளே மீன் தொட்டி மாதிரி விளக்கெரியும் கண்ணாடி கேபினெட். மொத்தம் நாலே முக்கால் லட்சம். கூட வந்திருந்த அவருடைய அப்பா அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க, இந்தக் காசுக்கு ஒரு பழைய காரே வாங்கிப் போடலாமுங்களே. பொட்டிக்குள்ள அப்படி என்னங்க இருக்குது?"

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஈரோட்டில் பதினெட்டு வருடமாகக் கணினி அசெம்பிள் செய்கிறேன். டேலிக்கும் எக்ஸெலுக்கும் வாட்டர் கூலிங் கேட்டவர்களைக்கூடப் பார்த்துவிட்டேன். ஆனால் பெரிய தொகைக்கு மெஷின் கேட்டு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேரிடம் அந்த அப்பாவின் கேள்விக்குப் பதில் இருக்காது. "எடிட்டிங் ஸ்லோவா இருக்கு" என்பார்கள். எங்கே ஸ்லோ, எத்தனை நிமிடம், அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டால் மௌனம்தான்.

அதனால் அன்று விற்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தம்பியிடம் கொடுத்தேன். ஒரு வாரம், கணினி உங்களை ஒரு நிமிடத்துக்கு மேல் காக்க வைக்கும்போதெல்லாம் நேரத்தையும் செய்த வேலையையும் குறித்து வாருங்கள் என்றேன்.

எட்டாம் நாள் வந்தார். நோட்டில் மூன்று வகைக் காத்திருப்பு இருந்தது. டைம்லைனில் வீடியோ திக்கித் திக்கி ஓடுவதும், அதைச் சமாளிக்க ப்ராக்ஸி கோப்புகள் (எடை குறைந்த நகல்கள்) உருவாக்குவதும் முதல் வகை. கேமரா கார்டிலிருந்து கோப்புகளைக் காப்பி செய்வது இரண்டாவது. எடிட் முடிந்ததை முழு வீடியோவாக மாற்றும் கடைசி ரெண்டர் மூன்றாவது. ஒரு கல்யாணத்துக்கு நாலு மணி நேரம். நோட்டில் ரெண்டர்தான் பெரிய எண். அவர் 5090 கேட்டதற்குக் காரணமும் அதுதான்.

"ரெண்டர் ஓடறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி?"

"ராத்திரி பத்து மணிக்குப் போட்டுட்டுத் தூங்கிருவனுங்ணா. காலைல எந்திரிச்சா முடிஞ்சிருக்கும்."

பேனாவை வாங்கி ரெண்டர் வரிகளை எல்லாம் அடித்தேன். தூங்குகிறவருடைய நாலு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக்கித் தருவதற்கு எதற்கு இரண்டு லட்சம்? நாற்காலியில் உட்கார்ந்தபடி திரையை வெறித்துக்கொண்டிருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டோம். சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் வந்தது. பெரும்பகுதி முதல் வகை.

அடுத்து அவருடைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். 4கே, 10 பிட், 4:2:2, ஹெச்.265 என்ற சுருக்க முறை. இப்போதைய கேமராக்களில் தரம் வேண்டும் என்று பலரும் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இது. சாதாரண 4:2:0 வீடியோவில் நாலு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல் பதிவாகும். 4:2:2-ல் இரண்டு பிக்சலுக்கு ஒன்று. பட்டுப்புடவையின் கரையையும் முகத்தின் நிறத்தையும் பின்னால் திருத்தும்போது அந்தக் கூடுதல் தகவல் உதவும். சிக்கல் என்னவென்றால், இந்தச் சுருக்கத்தைப் பிரித்துக் காட்டுவதற்குக் கிராபிக்ஸ் சிப்புக்குள் இதற்கென்றே ஒரு சுற்று இருக்க வேண்டும். தம்பியிடம் இருந்தது ரைசன் ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 3060-உம். இரண்டிலுமே இந்த வகைக் கோப்புக்கான சுற்று இல்லை. எல்லா வேலையும் ப்ராசஸர் தலையில் விழுந்து அது நூறு சதவீதத்தில் திணறும். கிராபிக்ஸ் கார்டு பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தாலே இது தெரியும்.

இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸில் இந்தச் சுற்று 11-ஆம் தலைமுறையிலிருந்தே இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் கார்டுகளைத் தரும் என்விடியாவில் 2025-ல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. அந்த வரிசையில் 5090-லும் உண்டு, 5070 டிஐ-யிலும் உண்டு. இந்தியாவில் அறிமுகமானபோது முன்னதன் விலை 2,14,000 ரூபாய், பின்னது 80,000. தம்பியின் தொல்லை மெஷினுக்குத் தெம்பு இல்லாததால் வந்ததே இல்லை. ஒரே ஒரு கதவு பூட்டியிருந்தது, அவ்வளவுதான். சாவிக்கு நாலே முக்கால் லட்சம் ஆகாது.

5090 வீண் என்று சொல்ல வரவில்லை. அதில் 32 ஜிபி நினைவகம் இருக்கிறது. 5070 டிஐ-யிலும் 5080-லும் 16 தான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கனமான காட்சிகளை ரெண்டர் செய்பவருக்கும், சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளைச் சொந்த மெஷினில் ஓட்டுபவருக்கும் அந்த 16-க்கும் 32-க்கும் உள்ள இடைவெளி, வேலை நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானித்துவிடும். அப்படிப்பட்ட இருவருக்கு 5090 போட்டுக் கொடுத்திருக்கிறேன், மனம் உறுத்தவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. கோவையிலிருந்து ஒரு கட்டட வடிவமைப்பாளர் ரெவிட்டும் ஆட்டோகேடும் ஓட்ட 32 கோர், அதாவது தனித்தனியே வேலை செய்யும் 32 பிரிவுகள், உள்ள ப்ராசஸர் கேட்டார். அந்த மென்பொருள்கள் பெரும்பாலான வேலையை ஒரே கோரில்தான் செய்யும். கோர் குறைவாக, ஒரு கோரின் வேகம் அதிகமாக இருக்கும் ப்ராசஸர் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு விலையில் நன்றாக ஓடுகிறது.

சரி, தம்பியின் மெஷின். இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே, 5070 டிஐ, இரண்டு 32 ஜிபி ராம், வேலைக்கு ஒரு எஸ்எஸ்டி, கோப்புகளுக்கு இன்னொன்று, 850 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி), காற்றோட்டமுள்ள சாதாரண கேபினெட். மலிவான எஸ்எஸ்டிகள் பலவற்றில் முதல் சில பத்து ஜிபி பறக்கும், அப்புறம் ஹார்ட் டிஸ்க்கை விட மோசமாகிவிடும். ஒரு கல்யாணத்துக்கு 500 ஜிபி காப்பி செய்பவருக்கு அதைக் கட்டிவிடக் கூடாது. அங்கே மட்டும் கூடச் செலவழிக்க வைத்தேன். பில் 2,36,000 ரூபாய்.

இதையாவது நியாயப்படுத்த முடியுமா என்று அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். செலவு போகத் தம்பிக்கு மாதம் 60,000 நிற்கிறது, 200 மணி நேர உழைப்புக்கு. ஒரு மணி நேரம் 300 ரூபாய். வேலை நாட்களை மட்டும் எண்ணினால் மாதம் 37 மணி நேரம் காத்திருக்கிறார். அதில் 30 மிச்சமாகும் என்று வைத்தாலும் 9,000 ரூபாய். ஆனால் மிச்சமாகும் நேரத்துக்கு வேலை இருந்தால்தான் அது பணம். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? ஒன்பது மாதத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். வருடத்துக்கு 81,000, மூன்று வருடத்தில் 2,43,000. மயிரிழையில் தேறியது. நாலே முக்கால் லட்சத்து மெஷினை இதே கணக்கில் வைத்தால் கிட்டத்தட்ட ஆறு வருடம் ஆகும். அதற்குள் மெஷினே பழசாகிவிடும்.

தம்பி ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர். பதிவு செய்தவராக இருந்தால், தன் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் வாங்கும்போது அதிலுள்ள 18 சதவீதம், அதாவது 36,000 ரூபாய், உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைக்கும். மீதி இரண்டு லட்சத்துக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம்: முதல் ஆண்டு 80,000, அடுத்த ஆண்டு 48,000. முதல் ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். வரவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தையே வருமானமாகக் காட்டும் அனுமான வருமானத் திட்டத்தில் வரி கட்டுபவர்களுக்குத் தேய்மானம் தனியாகக் கிடையாது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் மெஷின் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். "பில் வேண்டாம், 18 சதவீதம் குறைச்சுக்கங்க" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒன்று: ஒரு வருடம் கழித்துக் கார்டு செத்தால் வாரண்டிக்கு முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

அந்த முதல் கொட்டேஷனில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. 128 ஜிபியை நாலு குச்சியாகப் போட்டிருந்தார்கள். இதில் நானே ஒரு தடவை சூடு பட்டவன். டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ராம் வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளருக்கு, 6000 வேகம் என்று பெட்டியில் அச்சிட்ட குச்சிகளை நான்கு இடத்திலும் செருகிக் கொடுத்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை மெஷின் தானாக அணைந்தது. எஸ்எம்பிஎஸ் மாற்றினேன், விண்டோஸைத் திரும்பப் போட்டேன், மூன்று நாள் போனது. இரண்டு குச்சியைக் கழற்றியதும் அடங்கியது. டிடிஆர்5 போடும் ரைசனில் நான்கு இடமும் இரட்டை ரேங்க் குச்சிகளால் (சிப்கள் இரண்டு தொகுதியாக உள்ளவை) நிரம்பினால் நிறுவனமே உறுதி சொல்வது 3600 வேகத்துக்கு மட்டும்தான். இது கையேட்டில் இருந்தது, நான் படிக்கவில்லை.

கடைசியாக, எந்தக் கொட்டேஷனிலும் வராத செலவு. தம்பி வீட்டு அறையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ப்ளக்கில் எர்த் ஓட்டை இருந்தது. அதற்குப் பின்னால் கம்பி இல்லை. எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினெட்டில் பாதி வோல்டேஜ், கிட்டத்தட்ட 115, மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதுதான். ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளையோ வெளி ஹார்ட் டிஸ்க்கையோ செருகினால் போர்ட் போய்விடலாம். லட்சக்கணக்கான ரூபாய்ப் பொருளைக் காப்பாற்ற வேண்டியது சுவருக்குள் இல்லாத ஒரு பச்சைக் கம்பி.

யூபிஎஸ் கதையும் இதேதான். 600 விஏ என்று போட்டிருக்கும் பெட்டி பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 5070 டிஐ கார்டு மட்டுமே 300 வாட் இழுக்கும், ப்ராசஸர் முழு மூச்சில் 250. ஒன்றரை கேவிஏ, அதுவும் லைன் கரண்ட் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் வகை வேண்டும் என்றேன். எர்த்துக்கும் யூபிஎஸ்ஸுக்குமாக இருபதாயிரம் ஒதுக்குங்கள் என்று சொன்னபோது, மூன்று வருடக் கணக்கு மூன்று வருடம் இரண்டு மாதமாகிவிட்டது. தம்பி தயங்கினார். அப்பாதான் முடித்து வைத்தார்.

"மோட்டார் ரூமுக்கே குழி தோண்டி எர்த் போட்டிருக்கறமுங்க. இதுக்குப் போடாம உடுவமுங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே நின்று குழி எடுத்து, உப்பும் கரியும் கொட்டி முடித்துவிட்டார்.

பழைய பொருள் வாங்கிச் செலவைக் குறைக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் மேல்மட்ட ப்ராசஸர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சிப் மெல்ல மெல்லக் கெடும் கோளாறு இருந்ததை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தம் பயாஸ் புதுப்பிப்பு வழியாக வந்தது, வாரண்டியும் இரண்டு வருடம் கூட்டப்பட்டது. திருத்தம் இனி கெடாமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. முதல் உரிமையாளர் எப்போது பயாஸ் புதுப்பித்தார் என்று தெரியாமல் பழைய ஐ9 வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

இப்போது அதே பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தால் 2,36,000-க்கு என்னால் தர முடியாது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதில் 2025 கடைசியில் ராம் விலை ஏறியது. அதே 64 ஜிபி இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் க்ரூசியல் நுகர்வோர் விற்பனையையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஆகவே நோட்டோடு இன்னொன்றையும் பார்த்து வாருங்கள்: வேலை உச்சத்தில் இருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் மெமரி எத்தனை ஜிபி காட்டுகிறது என்று. 25-க்குள் நிற்கிறதென்றால் இரண்டு 16 போதும். விலை இறங்கியதும் அந்த ஜோடியை விற்றுவிட்டுப் பெரிய ஜோடி போட்டுக்கொள்ளலாம். டிடிஆர்4 மெஷின் வைத்திருந்து, நோட்டில் நாளுக்கு அரை மணிகூடச் சேரவில்லையென்றால் இந்த வருடம் என்னிடம் வரவே வேண்டாம்.

வருகிறவர்கள் ஒரு பென் டிரைவில் உங்கள் கேமராவில் எடுத்த இரண்டு நிமிடக் கோப்பு ஒன்றை அப்படியே கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது வேறு கோப்பாகிவிடும்.