பட்டனை யார் வரைவது?

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புது லப்டொப் வாங்கும் இளசுகள் வீட்டுக்குப் போனதும் முதலில் வோல்பேப்பரை மாற்றுவார்கள். அடுத்தது டார்க் மோட். பிறகு, திரையின் அடியில் மெக் கணினி போல ஐக்கன்களை வரிசைகட்டி நிறுத்தும் ஏதாவது ஒரு மென்பொருள். எல்லாம் கறுப்பாக, எடுப்பாக அமைந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் அப்பாவின் கடைக்கணக்கு மென்பொருளைத் திறந்தால் வெள்ளைவெளேரென்று ஒரு பெட்டி கண்ணைக் குத்தும். விண்டோஸுக்குக் கறுப்பு என்று சொல்லியாயிற்று. இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் காதில் விழவில்லை?

திரையில் தெரியும் ஒவ்வொரு பட்டனையும் யாரோ ஒருவர் வரைந்தாக வேண்டும். அந்த யாரோ, இயங்குதளமா மென்பொருளா என்பதில்தான், திரையின் தோற்றத்தை ஒரேயடியாக மாற்றும் தீம் என்ற விஷயம் முழுவதும் தங்கியிருக்கிறது. தேநீர்க் கடையில் 'ஒரு பிளேன்டீ' என்று சொன்னால், எந்தக் கிளாஸில் ஊற்றுவது என்பது கடைக்காரரின் முடிவு. அவர் கிளாஸ்களை மாற்றினால் எல்லா மேசைக்கும் புதுக் கிளாஸ் வரும். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து குடிப்பவருக்கு அது போய்ச் சேராது. 'ஒரு பட்டன் தா' என்று இயங்குதளத்திடம் கேட்கும் மென்பொருள் தீமுக்குக் கட்டுப்படும். தன் பட்டனைத் தானே வரைந்துகொள்வது கட்டுப்படாது.

கடைக்கணக்கு மென்பொருள் பெரும்பாலும் ஃபிளாஸ்க் கோஷ்டி இல்லை. அது ஒழுங்காகத்தான் கேட்கிறது, ஆனால் பழைய கவுண்டரில் போய்க் கேட்கிறது. விண்டோஸுக்குள் ஒரு வர்ணப் பட்டியல் இருக்கிறது. பட்டனின் முகத்துக்கு 15, ஜன்னலின் பின்னணிக்கு 5 என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இலக்கம். '15ஆம் இலக்கத்தின் நிறம் என்ன?' என்று மென்பொருள் கேட்கும். சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு எவ்வளவு என்று மூன்று எண்கள் பதிலாக வரும். விண்டோஸ் 95இல் அந்தப் பதில் 192, 192, 192. அதுதான் அந்தக் காலத்து ஒபிஸ் சாம்பல். இன்றைய விண்டோஸில் 240, 240, 240. பட்டன் மேடாகத் தெரிய வேண்டுமா? மேல் விளிம்பிலும் இடது விளிம்பிலும் வெள்ளைக் கோடு, கீழும் வலதும் கறுத்த கோடு. மேல் இடது மூலையிலிருந்து வெளிச்சம் விழுகிறது என்று கண் நம்பிவிடும். அமுக்கும்போது கோடுகள் இடம் மாறும், பட்டன் உள்ளே போனது போலிருக்கும். சில கோடுகளை வைத்துச் செய்த இந்த வித்தையின் சிக்கனம், பின்னால் வந்த பளபளப்பு எதற்கும் இல்லை என்பது என் கட்சி.

1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் இந்தப் பட்டியலை மாற்றத் தயாரான வர்ணக் கூட்டுகள் இருந்தன. அவற்றில் ஹொட் டோக் ஸ்டாண்ட் என்பது கடுஞ்சிவப்பும் மஞ்சளும். அதை யார், எதற்குப் போட்டார்கள் என்று கேட்டுச் சிரிக்கிறவர்கள் இன்றும் உண்டு.

டார்க் மோட் 2016இல் விண்டோஸ் 10இன் புதிய வகைச் செயலிகளுக்கும், 2018இல் ஃபைல் எக்ஸ்புளோரருக்கும் வந்தது. ஆனால் அது இந்தப் பழைய பட்டியலில் கை வைப்பதில்லை. வைத்தால் என்னவாகும்? பின்னணி நிறத்தைப் பட்டியலில் கேட்டுவிட்டு, எழுத்தை மட்டும் 'கறுப்பு' என்று தன் நிரலிலேயே எழுதிவைத்த மென்பொருள்கள் ஏராளம். பட்டியல் கறுத்தால் கறுப்புத் தாளில் கறுப்பு எழுத்துத்தான் மிஞ்சும். பார்வை குறைந்தவர்களுக்கான கொன்ட்ராஸ்ட் தீம் மட்டும் பட்டியலையே மாற்றுகிறது. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், பிரின்ட் ஸ்கிரீன் மூன்றையும் சேர்த்து அமுக்கி, கேட்கும் கேள்விக்கு ஆம் என்றால், அப்பாவின் மென்பொருளும் மறுபேச்சில்லாமல் கறுக்கும்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது வர்ணப் பட்டியலோடு படங்களும் சேர்ந்தன. நீலம், ஒலிவ் பச்சை, வெள்ளி என்று மூன்று நிறங்களில் வந்த அந்தத் தீமில் ஒவ்வொரு பட்டனும் ஒரு குட்டிப் படம். ஒரே படத்தை அகலமான பட்டனுக்கும் ஒடுக்கமான பட்டனுக்கும் போட்டால் உருண்ட மூலைகள் நசுங்கிவிடுமே? அதற்காகப் படத்தை ஒன்பது துண்டுகளாகப் பிரிப்பார்கள். நான்கு மூலைகளும் இழுபடாது. மேல், கீழ் விளிம்புகள் அகலவாக்கில் மட்டும் நீளும், பக்க விளிம்புகள் உயரவாக்கில் மட்டும். நடுத்துண்டு எல்லாப் பக்கமும் நீளும். ஃபோன் செயலிகளில் உருண்ட மூலைப் பெட்டிகளை இன்றும் பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

மைக்ரோசொஃப்ட்டின் கையொப்பம் இல்லாத தீமை எக்ஸ்பி ஏற்காது. அந்தச் சோதனை ஒரேயொரு சிஸ்டம் கோப்பில் இருந்ததால், அந்தக் கோப்பையே திருத்தி எழுதும் சின்னச் சின்னக் கருவிகள் இன்டர்நெட்டில் பரவின. அழகுக்காகச் சிஸ்டம் கோப்பை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. பூட்டு எப்போதும் அவ்வளவு ஆழத்தில் இருந்ததும் இல்லை. விலை குறைந்த நெட்புக்குகளுக்கு வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் வோல்பேப்பரை மாற்றவே வழி வைக்கவில்லை. அக்டிவேட் செய்யாத விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ் பக்கம் மூடிக்கிடக்கும். ஆனால் படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து அங்கிருந்து மாற்றலாம். கதவைப் பூட்டி யன்னலைத் திறந்துவைத்த கதை.

2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வேலையின் ஒழுங்கே மாறியது. அதற்குமுன் விண்டோஸில் எல்லா ஜன்னல்களும் ஒரே திரையில் நேரடியாக வரைந்தன. தொங்கிப்போன ஒரு ஜன்னலின்மேல் இன்னொன்றை இழுத்தால் வால் போல அதன் பிரதிகள் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். இப்போது ஒவ்வொரு ஜன்னலும் நினைவகத்தில் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் வரைகிறது. கொம்போஸிட்டர் என்ற இன்னொரு நிரல் அவற்றை அடுக்கிச் சேர்த்துத் திரைக்கு அனுப்புகிறது. மெக்கில் இந்த ஏற்பாடு 2001இலேயே இருந்தது.

கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் ஜன்னல் இதனால்தான் சாத்தியமாயிற்று. ஒரு புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேலே இருக்கும் ஜன்னலின் நிற அளவு 30, அடர்த்தி 80 சதவீதம். அடியில் இருக்கும் படத்தின் அளவு 200. 30இல் 80 சதவீதம் 24, 200இல் மிச்சம் 20 சதவீதம் 40, கூட்டினால் 64. திரையில் தெரிவது 64. போர்ட்டர், டஃப் என்ற கணினி வரைகலைக்காரர்கள் இருவரும் 1984இல் ஒழுங்குபடுத்தி எழுதிய கணக்கு இது. 1920க்கு 1080 திரையில் 20 இலட்சத்துக்கு மேல் பிக்சல்கள். செக்கனுக்கு 60 தடவை என்றால் 12 கோடியைத் தாண்டும். கிராஃபிக்ஸ் சிப்புக்கு இது தூசு.

கண்ணாடிக்குப் பின்னால் தெரிவதை மங்கலாக்குவதுதான் செலவு. ஒரு பிக்சலைச் சுற்றி 21க்கு 21 சதுரத்தில் சராசரி எடுக்க 441 புள்ளிகளைப் படிக்க வேண்டும். அதையே முதலில் கிடையாக, பிறகு நிமிர்வாக என்று இரண்டு நடையாகச் செய்தால் 42 போதும். விண்டோஸ் 11இல் ஜன்னல்களுக்குப் பின்னணியாக வரும் மைக்கா இன்னும் கெட்டிக்காரத்தனம்: பின்னால் இருக்கும் ஜன்னல்களைப் பார்ப்பதே இல்லை, வோல்பேப்பரை ஒரேயொரு தடவை படித்து அதன் சாயலை வைத்துக்கொள்கிறது.

2022இல் கரண்ட் 13 மணிநேரம் வரை போன நாட்களில், டார்க் மோட் போட்டால் லப்டொப் சார்ஜ் நிற்கும் என்று வெள்ளவத்தையில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். சாதாரண எல்சிடி திரையில் பின்னால் எரியும் விளக்கு கறுப்புக்கும் அப்படியே எரியும். மிச்சம் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. ஓலெட் திரையில் கறுப்புப் பிக்சல் அணைந்தே கிடக்கும், அதனால் பலன் உண்டு. பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் ஓலெட் ஃபோன்களை அளந்தபோது, பிரகாசம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கையில் மிச்சம் 3 முதல் 9 சதவீதம். முழுப் பிரகாசத்தில் 39 முதல் 47. கரண்ட் போன இரவில் யாரும் திரையை முழுப் பிரகாசத்தில் வைப்பதில்லை.

லினக்ஸில் யார் வரைவது என்ற கேள்வி சண்டையாகவே போனது. அங்கே பல செயலிகளுக்குப் பட்டன்களை வரைந்து கொடுப்பது ஜிடிகே என்ற மென்பொருள் தொகுப்பு. 2011 முதல் ஜிடிகே 3இல் தீம் என்பது வெப்சைட்டுகளுக்கு எழுதுவது போன்ற சிஎஸ்எஸ் கோப்பு. யாரும் திறந்து திருத்தலாம். 2016இல் 3.20 பதிப்பு வந்தபோது பாகங்களின் பெயர்கள் மாறி, பழைய தீம்கள் வரிசையாக உடைந்தன. 2019இல், நோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டொப்புக்குச் செயலிகளை எழுதுபவர்கள் சிலர், எங்கள் செயலிகளுக்குத் தீம் பூசாதீர்கள் என்று திறந்த கடிதம் எழுதினார்கள். கடிதம் தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு எழுதியதல்ல, தீமைப் பூசி விநியோகிப்பவர்களுக்கு எழுதியது. வேறொருவர் தீம் செயலியைக் குழப்பினாலும் முறைப்பாடு செயலி எழுதியவரிடம்தான் வரும் என்பதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

தமிழில் கணினி பாவிப்பவர்களுக்கு அந்த முறைப்பாடு புதிதல்ல. தீம் செய்பவர் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் உயரம் பார்க்கிறார். விண்டோஸின் வழமையான எழுத்துருவான செகோ யூஐயில் தமிழ் இல்லை. தமிழ் வந்தவுடன் இயங்குதளம் நிர்மலா யூஐயிடம் ஓடுகிறது. அதன் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கூடுதல் இடம் வேண்டும். பெட்டியின் உயரத்தைப் பிக்சல் கணக்கில் இறுக்கி எழுதியிருந்தால், 'மூடு' என்ற பட்டனில் அடிவால்கள் வெட்டுப்படும். மேலே இடம் போதாவிட்டால் 'சேமிக்க' தன் புள்ளியை இழந்து 'சேமிகக' ஆகும். ஜிடிகேயின் சிஎஸ்எஸ்ஸில் உயரம் என்ற கட்டளையே இல்லை, குறைந்தபட்ச உயரம் மட்டும்தான்; எழுத்து வளர்ந்தால் பெட்டியும் கூடவே வளரும். மற்ற இடங்களில் புதுத் தீமைப் போட்டதும், 'மூடு', 'ஸ்ரீ', 'ஞூ' மூன்றையும் ஒரு ஃபோல்டரின் பெயராக எழுதி, அதன் தலைப்புப் பட்டையையும் டாஸ்க்பாரையும் ஒருமுறை பாருங்கள்.