சோத்துக்குக் காவலா, சோத்துக்கு உறுதியா?

போன கிழமை கொழும்பில விவசாயக் கொள்கை பற்றி ஒரு செயலமர்வு. நான் ஹெட்போனைக் காதில போட்டுக்கொண்டு தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்தன். "நாட்டின் உணவுப் பாதுகாப்பை வலுப்படுத்தல்" எண்டு பத்தாந் தரமோ பன்ரண்டாந் தரமோ வரேக்க, பக்கத்தில இருந்த கிளிநொச்சி அக்கா மெல்லக் கேட்டா: "தம்பி, நெல்லு மூட்டைக்கு எலியும் வண்டும் வராமப் பாக்கிறதைப் பற்றியோ கதைக்கினம்?"

சிரிப்பு வந்தது. ஆனா யோசிச்சுப் பாத்தா அவ விளங்கினதுதான் தமிழ். சிறுவர் பாதுகாப்பு எண்டா சிறுவரைப் பாதுகாக்கிறது, கண் பாதுகாப்பு எண்டா கண்ணைப் பாதுகாக்கிறது, அப்ப உணவுப் பாதுகாப்பு எண்டா சோத்துக்குக் காவல் இருக்கிறதுதானே?

ஆங்கிலத்தில இது ஃபுட் செக்கியூரிட்டி. செக்கியூர் எண்ட சொல்லுக்கு லத்தீன் வேர் 'கவலை இல்லாம' எண்டது, அவ்வளவுதான். 1974ல ரோமில உலக உணவு மாநாடு நடக்கேக்க உலகத்தில தானியம் போதுமான அளவு இருக்கோ எண்ட கணக்குத்தான் பெரிசாப் பேசப்பட்டது. பிறகு 1996ல அதே ரோமில வந்த வரைவிலக்கணம் ஆளைப் பாத்துது: எல்லாருக்கும், எந்த நேரமும், போதுமான, பழுதில்லாத, சத்தான சாப்பாடு கைக்கு எட்டவும் வேணும், காசுக்கு எட்டவும் வேணும். அதாவது கவலைப்படாம இருக்க வேண்டியது சாப்பிடுற ஆள்.

இதில இன்னொரு கூத்து இருக்கு. ஃபுட் சேஃப்டிக்கும், அதாவது சாப்பாடு பழுதில்லாம இருக்கிறதுக்கும், நாங்கள் உணவுப் பாதுகாப்பு எண்டுதான் சொல்லுறம். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா கடைக்குள்ள வந்து கொத்துத் தட்டை முகர்ந்து பாக்கிறதும், நாட்டு மக்களுக்கு அரிசி வாங்க வழி இருக்கோ எண்டதும் ஒரே சொல்லு. மேல சொன்ன வரைவிலக்கணத்துக்குள்ளயே 'பழுதில்லாத' எண்டு ஒண்டு இருக்கே, அதையும் 'பாதுகாப்பான' எண்டு போட்டா 'உணவுப் பாதுகாப்பு என்பது பாதுகாப்பான உணவு' எண்டு செக்குமாடு மாதிரி அங்கயே சுத்த வேண்டியதுதான்.

இதைச் சொன்னா உடன ஒரு கூட்டம் 'தன்னிறைவு' எண்டு கொண்டு வரும். இதுதான் எனக்கு வாற பெரிய எரிச்சல். தன்னிறைவு நல்ல தமிழ், அழகான சொல்லு, ஆனா அது வேற சாமான். எங்கட சாப்பாட்டை நாங்களே விளைவிக்கிறது தன்னிறைவு. சிங்கப்பூர் தன்ர சாப்பாட்டில 90 வீதத்துக்கு மேல இறக்குமதி செய்யுது, தன்னிறைவு மருந்துக்கும் இல்லை, ஆனா 2018லயும் 2019லயும் உலக ஃபுட் செக்கியூரிட்டிச் சுட்டெண்ணில முதலாம் இடம். இஞ்ச எங்கட பாணுக்கான கோதுமை ஒரு மணியும் இந்த மண்ணில விளையிறதில்லை, பருப்பும் கப்பலிலதான் வருது. மறுபக்கம் பாருங்கோ, நாட்டில சாப்பாடு இருந்தாலும் பசி வரலாம். 1953 ஹர்த்தால் நாட்டில அரிசி இல்லாம நடந்ததோ? பங்கீட்டு அரிசி 25 சதத்தில இருந்து 70 சதத்துக்குப் போனதாலதான் சனம் றோட்டுக்கு வந்தது, டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டுப் போனார். 2021ல ரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டினது விளைச்சலை அடிச்சது சரி, ஆனா 2022 செப்டெம்பரில கொழும்பில உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் எண்டு வரேக்க வெள்ளவத்தைக் கடையளில தட்டு வெறுமையா இருக்கேல்லை, எங்கட பேர்சுதான் வெறுமையா இருந்தது. இதைத் தன்னிறைவு எண்ட சொல்லு எப்பிடிப் பிடிக்கும்? கொள்கை எழுதுறவர் அந்தச் சொல்லைப் பிடிச்சா, நெல்லு விளைஞ்சாச் சரி எண்டு படுத்திடுவார்.

என்ர தெரிவு 'உணவு உறுதி'. தமிழ்நாட்டுக்காரர் நூறு நாள் வேலைக்கு 'வேலை உறுதித் திட்டம்' எண்டு பேர் வச்சாங்கள், அங்க யாருக்கும் விளங்காமப் போகேல்லை. இதை எங்கட நண்பர் ஒருத்தருக்குச் சொன்னன், அவர் சிரிச்சுப்போட்டு, "உறுதி எண்டா காணி உறுதியெல்லோ, சோத்துக்கும் நொத்தாரிசிட்டப் போய் உறுதி முடிக்கிறதோ?" எண்டார். பகிடிக்குச் சொன்னார், எனக்கு அது நியாயமாத்தான் பட்டுது. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ஞ்சு சொன்னது என்ன? சாப்பாடு இருந்தது, அதை எடுக்கிற உரித்து ஏழைச் சனத்திட்ட இல்லை எண்டு. வேலிக்கு அங்கால தோட்டம் பச்சைப்பசேலெண்டு கிடக்கலாம், உறுதி உங்கட பேரில இல்லாட்டி ஒரு மாங்காயும் பிடுங்கேலாது. இந்தக் கருத்தை இவ்வளவு கிட்டவாப் பிடிக்கிற சொல்லு இலங்கைத் தமிழில வேற இருக்கோ?

பாதுகாப்பைப் பீ.எச்.ஐ. ஐயாவுக்கே விட்டுடுவம்.

மொழிபெயர்ப்பாளர்மாருக்கு இன்னொண்டு. அதே செயலமர்வில 'உணவுக்கான அணுகல்' எண்டும் வந்தது. சோத்தை யார் அணுகுறது? அது என்ன அமைச்சரோ? 'வாங்க வசதி' எண்டு சொன்னா அந்த அக்காவுக்கு விளங்கியிருக்கும். அவ தேத்தண்ணி இடைவேளையோட ஹெட்போனைக் கழட்டிக் கதிரையில வச்சவ, பிறகு போடேல்லை.