ரத்தக்குழாய் இரண்டு இருந்தால் கிட்னி கொடுக்க முடியாதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து என்னிடம் வரும் குடும்பங்களில், கிட்னி கொடுக்க முன்வருவது பெரும்பாலும் அம்மாவோ அக்காவோதான். ரத்தம் பொருந்தி, மற்ற சோதனைகளும் தேறி, கடைசியில் சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இடப்பக்கம் தமனி இரண்டு' என்று ஒரு வரி வரும், அதாவது அந்தக் கிட்னிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் ஒன்றுக்குப் பதில் இரண்டு. வீடே இடிந்து போய்விடும். "பிறவிக் கோளாறு டாக்டர், சாமிக்கே இஷ்டமில்லை போல" என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். தம்பி பழையபடி வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போவார்.

அது கோளாறே இல்லை. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஏதாவது ஒரு பக்கத்துச் சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனி இருக்கும். ஸ்கேன் எடுக்காவிட்டால் ஆயுசுக்கும் தெரிய வராது.

பிறகு ஏன் அறுவை மருத்துவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்? ஒவ்வொரு தமனியும் தன் பங்குக்கு மட்டுமே ரத்தம் கொடுக்கும். ஒன்றைக் கட்டிவிட்டால் இன்னொன்று ஈடுகட்டாது, அந்தப் பகுதி செத்துவிடும். மேல் நுனிக்குப் போகும் 2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாயைச் சில சமயம் விட்டுவிடலாம். கீழ் நுனிக்குப் போவதை, எவ்வளவு சிறியதானாலும், அப்படி விட முடியாது. சிறுநீரை இறக்கும் குழாய்க்கும் ரத்தம் அதிலிருந்து போகிறது. அது அடைபட்டால் பிறகு சிறுநீர் கசியும்.

எடுத்த கிட்னியை ஐஸில் வைத்து, குளிர்ந்த திரவத்தால் கழுவி, உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தைப்பார்கள். இரண்டு தமனியின் வாயையும் பக்கவாட்டில் சேர்த்து, சிலுவாரின் (கால்சட்டையின்) இரண்டு கால் இடுப்பில் கூடுவதுபோல, ஒன்றாக்குவது ஒரு முறை. சிறியதைப் பெரியதன் விலாவில் இணைப்பது இன்னொன்று. அதன் பிறகே நோயாளியின் அடிவயிற்றில் பொருத்துவார்கள். ரத்தத்தை நிறுத்திப் பிடித்திருந்த கிளாம்ப்பை எடுத்ததும் வெளிறிக் கிடந்த கிட்னி இளஞ்சிவப்பாக மாறும். கீழ் நுனி மட்டும் நீலம் பாரித்து நின்றால் அறையில் யாரும் பேசமாட்டார்கள், எல்லார் கண்ணும் அந்தத் தையலில்தான்.

இதில் வேலை கூடுதல், நேரம் கூடுதல், சிக்கல் வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். இருந்தாலும் அனுபவமுள்ள குழுவின் கையில் இப்படிப்பட்ட கிட்னியும் நன்றாகவே வேலை செய்கிறது. நம் நாட்டில் 1975 முதல் சிறுநீரக மாற்று நடந்து வருகிறது.

வழக்கமாக இடது கிட்னியை எடுப்பார்கள், அதன் சிரை, அதாவது ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய், நீளம். இடப்பக்கம் குழாய்கள் சிக்கலாக இருந்தால் வலப்பக்கத்தை யோசிக்கலாம். ஆனால் இரண்டில் நன்றாக வேலை செய்வது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உண்மையில் ரத்தக்குழாயைவிட எனக்குக் கவலை தருவது கொடுக்க வருபவரின் இனிப்பு நீர் (நீரிழிவு). தம்பிக்குக் கிட்னி போனதே அதனால் என்றால், அக்காவுக்கும் அது தொடங்கியிருக்கலாம். அப்போது நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், அக்கா அழுதாலும்.

தமனி இரண்டு என்பதற்காக மட்டும் உங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால், மாற்று அறுவை செய்யும் மருத்துவமனையில் இன்னொரு கருத்து கேளுங்கள். எந்தத் தமனி, எவ்வளவு பருமன், எந்த நுனிக்குப் போகிறது என்று விசாரியுங்கள். போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படம் பதிந்த சிடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்.