பட்டா இருக்கு, ஓட்டு எங்கே?

நெல்லைப் பக்கம் ஓர் ஊராட்சித் தலைவர் தேர்தல். வேட்புமனு பரிசீலனைக்கு என் கட்சிக்காரர் ஒரு மஞ்சப்பையோடு வந்திருந்தார். (வக்கீல் பாஷையில் கட்சிக்காரர் என்றால் நம்மிடம் கேஸ் கொடுத்தவர், கொடி பிடிப்பவர் இல்லை.) பைக்குள் வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, தாத்தா காலத்துப் பட்டா என்று எல்லாம் இருந்தன. தேர்தல் அதிகாரி எதையும் வாங்கிப் பார்க்கவில்லை. "பாகம் எண், வரிசை எண் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார்.

கட்சிக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர், நாலு வருஷத்துக்கு முன்பே ஓட்டை அங்கே மாற்றிவிட்டார். மனு தள்ளுபடி. எதிர் வேட்பாளர் வருஷம் முழுக்கச் சென்னையில் இருப்பவர், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும்தான் ஊருக்கு வருவார். ஆனால் அவர் பெயர் ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தது, மனு ஏற்கப்பட்டது.

"இதென்ன சார் நியாயம்?" என்றார் கட்சிக்காரர். வேட்பாளர் எங்கே தூங்குகிறார் என்று பரிசீலனை மேசையில் யாரும் ஆராய்வதில்லை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒருவர் அந்த ஊரில் வசிக்கவில்லை என்றால், பட்டியல் திருத்தத்தின்போதே படிவம் 7 கொடுத்து ஆட்சேபித்திருக்க வேண்டும்.

சட்டமன்றத்துக்கு இவ்வளவு இறுக்கம் கிடையாது. தமிழ்நாட்டின் எந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும், வேறு எந்தத் தொகுதியிலும் நிற்கலாம். மக்களவைக்கு இந்தியாவில் எங்கே இருந்தாலும் போதும். 'வெளியூர்க்காரர்' என்பது மேடையில் பேசலாம், மனுவைத் தள்ள உதவாது. ஆனால் வெளித் தொகுதிக்காரர் தன் பெயருள்ள பட்டியலின் சான்றிட்ட நகலைக் கொடுக்க வேண்டும். முன்மொழிபவர்கள் அந்தத் தொகுதி வாக்காளர்களாகவே இருக்க வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர், சுயேச்சைக்குப் பத்துப் பேர். 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது இந்த முன்மொழிவுக் கையெழுத்துப் பிரச்சினையில்தான்.

மாநிலங்களவைக்கு ஒரு காலத்தில் அந்தந்த மாநிலத்திலேயே ஓட்டு இருக்க வேண்டும். 1991இல் அசாமிலிருந்து தேர்வான மன்மோகன் சிங் குவாஹாட்டி வாடகை வீட்டு முகவரியில்தான் வாக்காளராக இருந்தார். அவர் உண்மையில் அங்கே குடியிருக்கிறாரா என்ற கேள்வி பல வருஷம் அவரை விடவில்லை. 2003இல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது. நம்ம ஊர் எல்.முருகன் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போக முடிந்தது அதனால்தான். மாநிலங்களின் அவை என்ற பெயருக்கு அது பொருந்துகிறதா என்று கேட்டால், எனக்கு உடன்பாடில்லை.

கட்சிக்காரர் விடுவதாயில்லை. "சரி சார், நாளைக்கே ஓட்டை ஊருக்கு மாத்திடுறேன்."

"குடியிருக்கறது எங்கே?"

"திருப்பூர்லதான். ஆனா ஊர்ல சொந்த வீடு இருக்கே!"

வீடு சொந்தம் என்பதாலேயே ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார். 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20ஆம் பிரிவிலேயே அதைச் சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனவருக்கு ஊர் ஓட்டு போய்விடாது, உண்மைதான். குடும்பத்தோடு இடம் மாறி, ஓட்டையும் மாற்றிக்கொண்டவர் அப்படிச் சொல்லிக்கொள்வது கஷ்டம். ஓட்டை இடம் மாற்றக் கொடுக்கும் படிவம் 8இல் பொய்யான முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்ளவும் வழியில்லை.

"அப்போ குடும்பத்தோட வந்துரணுமா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்தாரோ என்னவோ, பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தப் படிவத்தை இன்னும் அவர் போடவில்லை.