பழைய பானெட் வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள்

காரின் பானெட்டுக்கும் (இன்ஜின் மூடி) ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) நடுவே ஓடும் இடைவெளியை யாரும் நின்று ரசிப்பதில்லை. ஆனால் அது இடப்பக்கம் 3 மில்லிமீட்டரும் வலப்பக்கம் 6 மில்லிமீட்டருமாக இருந்தால், வண்டி எங்கோ அடிவாங்கியிருக்கலாம் என்று கண் உடனே சொல்லிவிடும். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் இது 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். பழைய பாகம் வாங்குகிறவர் பெயின்ட்டின் பளபளப்பில் மயங்கிவிடுகிறார். பொருத்தத்தைத் தீர்மானிப்பதோ உள்பக்கம்.

பானெட்டும் கதவும் ஒற்றைத் தகடு அல்ல. சுமார் 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெளித்தகட்டின் விளிம்பை மடித்து, உள்சட்டத்தைக் கவ்வ வைத்திருப்பார்கள். கீல், பூட்டு, போல்ட் துளைகள் எல்லாம் இந்த உள்சட்டத்தைச் சார்ந்தவை. ஆகவே முதல் வேலை, பாகத்தைக் கவிழ்ப்பது. துளைகளைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருக்கிறதா, துளை ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறதா, விளிம்பு மடிப்புக்குள் துரு கசிகிறதா என்று பாருங்கள். மடிப்புக்குள் இறங்கிய துருவை வெளியே தேய்த்து எடுக்க முடியாது.

போல்ட்டைவிடத் துளை சற்றுப் பெரிதாக இருக்கும். பாகத்தை நகர்த்திச் சரிக்கட்டுவதற்கென்றே விட்ட இடம் அது. உள்சட்டம் கோணியிருந்தால் அந்தச் சில மில்லிமீட்டர் போதாது. பானெட்டில் கோணலைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். இடக் கீல் துளையிலிருந்து வல முன்மூலைக்கும், வலக் கீல் துளையிலிருந்து இட முன்மூலைக்கும் அளந்து பாருங்கள். இடமும் வலமும் ஒத்த வடிவமானால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கதவில் இந்த வித்தை பலிக்காது. உங்கள் வண்டியின் எதிர்ப்பக்கக் கதவோடுதான் ஒப்பிட வேண்டும்.

நிமிர்த்திய தகட்டை நான் நம்பமாட்டேன். எஃகு மடங்கிய இடத்தில் கடினமாகிவிடும். திரும்ப நிமிர்த்தும்போது அந்த இடம் அசைந்து கொடுக்காமல் பக்கத்துத் தகடுதான் வளையும். அப்படி உருவாகும் மேடுபள்ளத்தைப் பட்டி பூசி மறைப்பார்கள். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருந்தால் வேலை சுலபம்: தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும், பட்டி பூசிய இடத்தில் அளவு பல நூறு மைக்ரானுக்கு ஏறிவிடும். கருவி இல்லையென்றால் துணியில் சுற்றிய காந்தம். பட்டி தடித்த இடத்தில் காந்தத்தின் பிடி தளரும். எங்குமே ஒட்டவில்லை என்றால் அவசரப்பட்டுப் பட்டியைக் குறை சொல்ல வேண்டாம். பாகம் அலுமினியமாக இருக்கலாம்.

மாடல் பெயரும் ஏமாற்றும். ஒரே தலைமுறைக் காருக்கு இடையில் முகத்தை மட்டும் மாற்றுவது வழக்கம். ஹெட்லைட் மாறினால் அதைத் தொடும் ஃபெண்டர் விளிம்பும் பானெட் முனையும் மாறும். ஆண்டை மட்டும் கேட்டு வாங்காமல், உங்கள் வண்டி, பாகத்தைக் கழற்றிய வண்டி இரண்டின் 17 எழுத்து அடையாள எண்ணையும் பாகத்தின் எண்ணையும் சரிபாருங்கள். இடம், வலம் என்பது ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி அமர்ந்த நிலையில்.

பம்பர் வேறு ரகம். பிளாஸ்டிக் வெப்பத்தில் எஃகைவிடப் பல மடங்கு விரியும். அடுக்கி வைத்து வெயிலில் கிடந்த பம்பர் தொய்ந்தும் போயிருக்கலாம். தரையில் வைத்து இரு முனைகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். வெல்டிங் செய்து இணைக்கும் பின்பக்க ஃபெண்டரில் போல்ட்டும் கிடையாது, சரிக்கட்ட இடமும் கிடையாது. சுற்றிலும் தாராளமாக விட்டு வெட்டிய துண்டு கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, பாகம் உட்காரும் வண்டியே கோணியிருந்தால் எதுவும் பொருந்தாது. கதவுக்குப் பணம் கொடுக்கும் முன் உங்கள் பழைய முன்கதவின் முன்விளிம்பு இடைவெளியை மேலும் கீழும் அளந்து பாருங்கள். மேலே அகன்று கீழே குறுகினால் கதவு தொங்குகிறது. பாதி திறந்து, பின்விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் கண்டால் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினாலே தீரலாம். ஆட்டமே இல்லையென்றால் கீல் வளைந்ததா, கதவைத் தாங்கும் தூண் நகர்ந்ததா என்று பார்த்த பிறகே கதவை விலை பேசுங்கள்.