சுயதிறன் அல்ல, தன்திறன் நம்பிக்கை

"பயிற்சிக்குப் பின் பெற்றோரின் சுயதிறன் உயர்ந்தது." குழந்தை வளர்ப்புப் பயிற்சிகளைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இப்படி எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆங்கில மூலத்தில் இருப்பது 'செல்ஃப் எஃபிகசி'. தமிழில் மட்டும் படிப்பவருக்கோ பெற்றோர் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்றுதான் படும். அளந்தது அதை அல்லவே!

'எஃபிகசி' லத்தீன் வழி வந்தது. நினைத்ததை முடிக்கும் வல்லமை என்று பொருள். 'செல்ஃப்' சேர்த்து அதை உளவியலில் நிலைநாட்டியவர் ஆல்பர்ட் பண்டூரா, 1977இல். குறிப்பிட்ட ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்று ஒருவர் நம்புவதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அந்த நம்பிக்கையை உருவிவிட்டுத் திறனை மட்டும் வைத்துக்கொள்கிறது 'சுயதிறன்'. 'சுய' வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. 'தன்திறன்' என்று தூய தமிழாக்கினாலும் பிழை அதே பிழைதான்.

பெற்றோரிடம் இதை அளக்கக் கொடுக்கும் வினாத்தாளைப் பார்த்தாலே விளங்கும். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் உருவான ஒன்றில் 48 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. அன்பு காட்டுவது, கண்டிப்பது, சேர்ந்து விளையாடுவது என எல்லாவற்றுக்கும் பெற்றோர் தமக்குத் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்து யாரும் சரிபார்ப்பதில்லை. பயிற்சிக்கு முன் 8 போட்ட தாய் பின்பு 6 போடவும் கூடும். எவ்வளவு தெரியாமல் இருந்தோம் என்பதே அப்போதுதான் தெரிகிறது. இதைச் 'சுயதிறன் குறைந்தது' என்று எழுதினால், பயிற்சி அவரைக் கெடுத்துவிட்டது என்றல்லவா ஆகும்?

'தன்னம்பிக்கை போதாதா?' என்பார்கள். போதாது. அது ஆளின் பொதுக்குணம். மேடையில் முழங்குகிறவர் கைக்குழந்தையைத் தூங்கவைக்க முடியாமல் விழிக்கலாம். 'சுய செயல்திறன்' இன்னும் மோசம். செயல்திறன் என்பது ஏற்கெனவே மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் சொல்கிற சொல். பெற்றோரை அந்த வரிசையில் நிறுத்துவானேன்?

'தன்திறன் நம்பிக்கை' என்பதே என் தேர்வு. நீளம் என்று முகம் சுளிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல் என்றால் தமிழில் ஒன்றாகச் சுருக்கியே தீரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டுவதற்குப் பெயர் கலைச்சொல்லாக்கம் என்று ஆகிவிட்டது. பெற்றோர் கையில் கொடுக்கும் தாளில் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம். 'என்னால் முடிகிறது' என்று அச்சிட்டால் போதும்.